வெங்காயக் கிடங்கில் என் தங்கையின் எடை

அன்று காலை வெங்காயக் கிடங்கில் இருந்தவர்கள் நான்கு பேர். தராசின் மேல் என் தங்கை புனிதா. தராசின் இரும்புத் தண்டில் குண்டை நகர்த்திக்கொண்டு அவளுடைய பயிற்சியாளர் நசீர் பாய். புனிதாவின் துண்டையும் காலணியையும் கையில் வைத்துக்கொண்டு ஜெபா டீச்சர். கதவோரம் நான். கிடங்கின் சொந்தக்காரர் பாண்டி இல்லை. அவர் எட்டு மணிக்கு மேல்தான் வருவார். சாவியை பாயிடம் கொடுத்து வைத்திருந்தார்.

தண்டு மெல்ல எழுந்து நடுவில் நின்றது. பாய் குனிந்து பார்த்து, "மாஷா அல்லாஹ், சரியாப் போய்க்கிட்டு இருக்கு" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மதுரையில் எங்களுடைய எல்லா நாள்களும் இப்படித்தான் தொடங்கின. வெங்காய வாசனை, இருட்டு, ஒரு இரும்புத் தண்டு.

நாங்கள் மலேசியாவில் கிள்ளானிலிருந்து வந்தவர்கள். புனிதா கிக் பாக்சிங் சண்டைக்காரி. பொழுதுபோக்குக்கு அல்ல, சம்பளத்துக்கு. நான் அவளுக்கு அக்கா. இரண்டாம் படிவத்தோடு, இங்கத்திக் கணக்கில் எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் திரைச்சீலை தைக்கிறேன். நசீர் பாய் பல வருஷம் கிள்ளானில் ரொட்டிக் கடையில் பரோட்டா மாவு வீசியவர். பகலில் ரொட்டி, மாலையில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பயிற்சிக்கூடம். புனிதாவுக்கு முதல் குத்து கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பிறகு சொந்த ஊரான மதுரைக்குத் திரும்பி, பழங்காநத்தத்தில் வெங்காயக் கிடங்கை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் பயிற்சிக்கூடம் வைத்தார். மதுரையில் ஒரு சண்டைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அவர் போன் செய்ததும் புனிதா பெட்டி கட்டிவிட்டாள்.

நான் கூட வந்ததற்குக் காரணம் வேறு. இந்தச் சண்டைக்காரர்கள் எல்லாரும் ஒரு எடைக்குள் வந்தாக வேண்டும். சண்டைக்கு முதல் நாள் எடை பார்ப்பார்கள். புனிதா வர வேண்டிய எடை ஐம்பத்திரண்டு கிலோ. சாதாரண நாளில் அவள் அதைவிட நாலைந்து கிலோ கூட. போன சண்டைக்கு முன்னால் எடையைக் குறைக்கிறேன் என்று தண்ணீர் குடிக்காமல் கிடந்து, குளியலறையில் மயங்கி விழுந்தாள். கதவை உடைத்துத் தூக்கியவள் நான். "அவள் மறுபடி விழுந்தால் நீ அங்கேயே சண்டையை நிறுத்திவிட்டுக் கூட்டிக்கொண்டு வா" என்று அம்மா விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துச் சொன்னார். 

எடை பார்த்ததும் திருப்பரங்குன்றம். மலையைச் சுற்றிப் போகும் பாதையில் புனிதாவும் ஜெபா டீச்சரும் ஓடுவார்கள். பாய் மொபெட்டில் பின்னால் போவார். நான் மொபெட்டின் பின்னால் தண்ணீர்ப் பாட்டில்களோடு உட்கார்ந்திருப்பேன். ஜெபா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வடக்கே போய்ப் படித்தவர், இந்தி தெரியும். புனிதாவின் எடைக்குச் சண்டைப் பழக்கம் கொடுக்க மதுரையில் வேறு பெண் கிடைக்காததால் பாய் அவரைப் பிடித்து வைத்திருந்தார். காலையில் எங்களோடு ஓடிவிட்டு, குளித்துச் சேலை கட்டிப் பள்ளிக்கூடம் போவார்.

பாதையில் குரங்குகள் இருந்தன. நாய்கள் இருந்தன. கடித்தால் ஊசி எங்கே போடுவார்கள் என்று முதல் நாளே கேட்டேன்.

"சரோம்மா, ஊருக்குத் திரும்புனதுலருந்து தெனமும் இங்க வர்றேன். ஒரு கொரங்கும் என்னயக் கடிச்சதில்ல" என்றார் பாய்.

"ஒங்களக் கடிச்சா அதுக்குத்தேன் ஊசி போடணும்" என்று ஓடிக்கொண்டே சொன்னார் ஜெபா டீச்சர்.

எங்கள் ஊர் வெயில் ஈரத்துணி மாதிரி மேலே ஒட்டிக்கொள்ளும். வேர்வை உடம்பிலேயே நிற்கும். மதுரையில் வேர்வை வெளியே வந்தது தெரிவதற்குள் காய்ந்துவிடுகிறது, உப்பு மட்டும் கழுத்தில் வெள்ளையாகத் தங்குகிறது. அதனால் பாய் புனிதாவுக்குப் பிளாஸ்டிக் சட்டையும் கால்சட்டையும் மாட்டிவிட்டுத்தான் ஓடச் சொல்வார். ஒருமுறை மொபெட் பஞ்சரானதால் அதே உடுப்போடு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் புனிதாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏத்தா, மழையா பேயப் போகுது?"

"இல்லம்மா, ஒடம்பு எளைக்க" என்றாள் புனிதா.

"இதுக்கு மேல எளைக்க என்னத்தா இருக்கு? எலும்பையா எளைக்க வைப்பாக?" சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீ அக்காவாக்கும். அவ பங்கையும் சேத்து நீ சாப்புடுறியாக்கும்" என்றார். ஆட்டோ முழுக்கச் சிரித்தது. புனிதாதான் கூடுதலாகச் சிரித்தாள்.

அந்த அம்மாள் சொன்னது உண்மைதான். கவலைப்பட்டால் எனக்குப் பசிக்கும். தெருமுனைப் பரோட்டாவை சால்னாவில் ஊறவைத்து, புனிதாவுக்குத் தெரியாமல் கடையிலேயே நின்று தின்றேன். கிள்ளானில் பரோட்டாவைப் பருப்புக் குழம்பில் தொட்டுக்கொள்வோம், இங்கே குழம்பில் முக்கி எடுக்கிறார்கள். காலையில் தள்ளுவண்டியில் சூடாகப் பருத்திப்பால் விற்றார்கள். சுக்கும் கருப்பட்டியும் மணக்க, தொண்டைக்குள் கெட்டியாக இறங்கியது. இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தால், புனிதா என் முகத்தின் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்து பார்த்தாள்.

"சுக்கு."

"இருமல் லா" என்றேன், கிள்ளான் பேச்சில்.

"ரெண்டு டம்ளர் இருமலா?"

அவளுக்கு பாய் வீட்டம்மா சமைத்துக் கொண்டுவருவார். உப்பில்லாத கோழி, அவித்த முட்டையின் வெள்ளை, கொஞ்சம் பீர்க்கங்காய். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். தூக்குச்சட்டியைத் திறந்ததும் வீட்டம்மாவுக்குத்தான் அழுகை வரும். "என் கைக்கு இந்த மாதிரி ஒரு சமையல் வரும்னு நெனச்சதே இல்ல, நாயி கூட மோந்துட்டுப் போயிருது" என்பார்.

கொட்டகையில் பயிற்சி என்றால் நான் கண்ணை மூடிக்கொள்வேன் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. பார்க்கப் பார்க்க அது தையல் வேலை மாதிரி இருந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப. கயிறு தாண்டுவாள். பாய் கையில் மாட்டிய தடித்த தோல் தலையணையை அதே காலால், அதே இடத்தில், அவர் போதும் என்கிறவரை உதைப்பாள். பிறகு மறுகால். ஒரு உதை கொஞ்சம் விலகினால் பாய், "இது யாரு வீட்டுக் கதவு?" என்பார். அவ்வளவுதான் திட்டு. மதியம் கட்டாயத் தூக்கம். மாலையில் ஜெபா டீச்சரோடு சண்டை, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு. முடிந்ததும் மீன் கடையிலிருந்து வாங்கிய ஐஸ்கட்டியை நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு அதில் கழுத்துவரை இறங்குவாள். அந்த ஐஸில் அயிரை மீன் வாசம் அடிக்கிறது என்று தினமும் சொன்னாள், தினமும் இறங்கினாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. எனக்கு நன்றாகப் போனால்தான் பயம்.

ஒரு மாலை, நானும் புனிதாவும் சாமான் வாங்கப் பேருந்து நிலையத்துப் பக்கம் போனோம். அங்கே விளக்குகள் சுற்றிச் சுற்றி மின்னும் எடைப்பெட்டி ஒன்று இருந்தது. காசு போட்டால் சீட்டு வரும். அவள் வேண்டாம் என்றாள், நான் ஏற்றினேன். சீட்டில் வந்த எடை, காலையில் கிடங்கில் பார்த்ததைவிட ஏறக்குறைய இரண்டு கிலோ கூட. சீட்டின் பின்பக்கத்தில், உங்களுக்கு உயர்பதவி கிடைக்கும் என்று எழுதியிருந்தது.

நேராக பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"துணி போட்டுருந்தாளா? செருப்பு? மதியம் சாப்பிட்டாளா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம். "பொறகு என்னம்மா? பேட்டரிப் பெட்டி, கரண்டுப் பெட்டி எல்லாம் ஆளுக்கு ஒண்ணு காட்டும். ஏன் பக்கத்துக் கிடங்குக்குப் போறேன்? அது இரும்பு. அதுக்குப் பேட்டரியும் இல்ல, பொய்யும் இல்ல."

புனிதா சிரித்தாள். "பாய், அக்கா விமானத்துல ஏறுனப்ப சக்கரத்துல காத்து இருக்கான்னு கேட்டவங்க."

உண்மை. கேட்டேன். நாய்க்கும் குரங்குக்கும் சக்கரத்துக்கும் பயந்தவள் தராசுக்கும் பயந்தால் யார் கேட்பார்கள்? சீட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

எடை பார்க்கிற நாளுக்கு முந்தின காலை. அன்றோடு புனிதாவுக்குத் தண்ணீர் அநேகமாக நின்றுவிட்டது. உதடு வெடித்திருந்தது. ஆனாலும் அவள் அமைதியாக இருந்தாள், இன்னும் கொஞ்சம்தான் மிச்சம், ராத்திரித் தூக்கத்திலேயே போய்விடும் என்று பாய் கணக்குச் சொல்லியிருந்தார். நாங்கள் தங்கியிருந்த இடத்திலிருந்து கிளம்பிய ஆட்டோ காளவாசல் சிக்னல் தாண்டியதும் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி, இன்ஜினைத் திறந்து, அதனிடம் கெட்ட வார்த்தையில் பேசினார். பிறகு எங்களிடம், "ரெண்டு நிமிசம்க்கா" என்றார். கிள்ளானில் அப்படிச் சொன்னால் ஐந்து நிமிஷம். இங்கே சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டது.

கிடங்குக்குப் போனபோது பாண்டி வந்திருந்தார். கழுத்தில் துண்டு, கையில் டீ. புனிதா தராசில் ஏறுவதையும் பாய் குண்டை நகர்த்துவதையும் டீயைக் குடித்துக்கொண்டே பார்த்தார். தண்டு நடுவில் நின்றது. பாய், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"அண்ணே," என்றார் பாண்டி, "கூடையக் காணோமே."

"என்ன கூட?"

"புள்ள சும்மாவுல நிக்குது. இந்தத் தராசுல கூடையோடல்லண்ணே வைக்கணும்? கூடைக் கழிவு போட்டு வச்சிருக்கேன்ல."

யாருக்கும் புரியவில்லை. அவர் டீ கிளாஸை மூட்டைமேல் வைத்துவிட்டு வந்து, தண்டின் ஓரத்தைக் காட்டினார். அங்கே தடித்த கம்பி ஒன்று நெருக்கமாகச் சுற்றியிருந்தது. உடைந்த தண்டை இழுத்துக் கட்டியது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"வெங்காயத்தக் கூடையோட நிறுப்போம்ல. கூட வந்து ஒன்றரைக் கிலோ. ஒவ்வொரு தடவையும் கழிச்சு எழுதச் சோம்பேறித்தனம்ணே. அதுக்குத்தேன் கம்பியச் சுத்திட்டேன். கூடைய அதுவே கழிச்சிரும், சரக்க மட்டும் காட்டும். கவருமெண்டு ஆளு வந்தா மட்டும் அவுத்துருவேன். ஆனா ஒருத்தரையும் ஏமாத்தலண்ணே, சத்தியமா."

பாய் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புனிதா இறங்கவில்லை.

"அப்போ நான்," என்றாள் மெதுவாக, "வெங்காயக் கூடையைக் கழிச்சுத்தான் அம்பத்திரண்டா?"

"அம்புட்டுத்தேன்த்தா," என்றார் பாண்டி வருத்தத்தோடு. "எம்புட்டு நாளா நிறுக்குறீக? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கக் கூடாதா பாய்?"

 ஜெபா டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, ஓடிப்போய் எங்கிருந்தோ மின்னணுத் தராசு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் நின்றாள். பாண்டி சொன்னது சரி, கிடங்கில் பார்த்ததைவிடக் கூட. ஒன்றரைக் கிலோ.

அது பெரிய எடையா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பும் உப்பும் தண்ணீரும் ஏற்கெனவே போன பிறகு, அந்த ஒன்றரைக் கிலோ எங்கிருந்து குறையும்? பாய் அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், நீல டிரம்மில் ஐஸுக்குப் பதில் வெந்நீர் ஊற்றினார். புனிதா உள்ளே உட்கார்ந்தாள். எழுந்தாள். போர்வை சுற்றிக்கொண்டாள். மறுபடி உட்கார்ந்தாள். மதியத்துக்குள் கொஞ்சம் குறைந்திருந்தது. அதற்குமேல் வேர்வை வரவில்லை. வேர்வை நின்றுவிட்ட தோலை நான் அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், குளியலறைத் தரையில்.

"போதும்," என்றேன்.

"இன்னும் ஒரு தடவை, அக்கா."

"போதும் புனி. எழுந்திரு."

"எழுந்தா சண்டை போச்சு. எட்டு மாசமா சண்டை இல்ல எனக்கு. இதுவும் போனா யாரு கூப்பிடுவா?"

கத்தவில்லை அவள். கத்த எச்சில் இல்லை. எழுந்திருக்க முயன்றபோது தொடை இழுத்துக்கொண்டு டிரம்மின் விளிம்பைப் பிடித்தாள். நான் பாயைப் பார்த்தேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"தப்பு என்னோடது, சரோம்மா. நீங்க சொல்றதுதான்" என்றார்.

அம்மா சொன்னபடி பெட்டியைக் கட்டியிருக்கலாம். ஆனால் இதுவும் போனால் யார் கூப்பிடுவார்கள் என்று அவள் கேட்டது காதிலேயே நின்றது. "எதிராளிகிட்டக் கேக்கலாம்," என்றார் ஜெபா டீச்சர். "அவ ஒத்துக்கிட்டா எடை கூட இருந்தாலும் சண்ட நடக்கும். வழக்கம்தேன். ஆனா எடை தப்புனவ தன் சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கு அவளுக்குக் குடுத்துரணும்." பாய் வர மறுத்துவிட்டார். எதிராளியின் வாசலில் போய் நிற்க அவருக்குக் கால் எழவில்லை. நானும் ஜெபா டீச்சரும் போனோம்.

எதிராளி ரேணு, ஹரியானாக்காரி. காளவாசல் பக்கம் ஒரு லாட்ஜில் அவளுடைய அண்ணனோடு தங்கியிருந்தாள். கதவைத் திறந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டதும், ஜெபா டீச்சருக்கே முகம் சிவக்கிற மாதிரி இந்தியில் ஏதோ சொன்னார். "என்ன சொல்றார்?" என்றேன். "வேணாம்க்கா, மொழிபெயர்க்குற மாதிரி இல்ல."

உள்ளே கட்டிலில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, அந்த வெயிலில் இரண்டு கம்பளிக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மூக்கும் கண்ணும் மட்டும் தெரிந்தன. உதடு வெடித்திருந்தது. என் தங்கையின் உதடு மாதிரியே, அதே இடத்தில்.

ஜெபா டீச்சர் தராசு கதையைச் சொல்லச் சொல்ல, கம்பளி குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று நினைத்துப் பதறிவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வெடித்த உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எத்தன கிலோ வெங்காயம்னு கேக்குறா," என்றார் ஜெபா டீச்சர்.

"ஒரு கிலோவுக்கு மேல கொஞ்சம்னு சொல்லுங்க."

அண்ணனும் தங்கையும் இந்தியில் வாதாடினார்கள். அண்ணன் கையை உதறினார். ரேணு எழுந்திருக்காமலேயே அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் போய்விட்டார். பிறகு ரேணு என்னிடம் நேராகப் பேசினாள், நான் இந்தி புரிகிறவள் போல. ஜெபா டீச்சர் சொன்னார்: "நானும் இம்புட்டு தூரம் ரயில்ல வந்துட்டேன், சண்ட போடாமத் திரும்பமாட்டேன். ஆனா அஞ்சுல ஒரு பங்கு எனக்கு. இப்பப் போயி அவளுக்குத் தண்ணி குடுங்க. பாதி உசுரோட இருக்கறவள அடிச்சா எனக்கென்ன பேரு? அப்படீங்கறா."

திரும்பி வரும்போது ஆட்டோவை நிறுத்தித் தண்ணீர்ப் பாட்டில் வாங்கினேன். கொட்டகையில் புனிதா சுவரில் சாய்ந்திருந்தாள். சொன்னேன். கையை நீட்டினாள். பாட்டிலைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்து, அதை விழுங்காமல் கண்ணை மூடி வாயிலேயே வைத்திருந்தாள். பாய் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் எடை பார்த்தபோது ஒரு கிலோ கூட. அறிவிப்பாளர் மைக்கில் சொன்னார், புனிதா தலையைக் குனிந்துகொண்டாள். சம்பளப் பங்கை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். எடை பார்த்த இடத்துக்கு வெளியே பாய் வீட்டம்மா கோழிக் குழம்போடு நின்றிருந்தார். உப்பு போட்ட குழம்பு. புனிதா சாப்பிடுவதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

சண்டை ஒரு கல்யாண மண்டபத்தில். மணமேடையைக் கழற்றிவிட்டு கயிறு கட்டிச் சண்டை மேடை போட்டிருந்தார்கள். மூன்று சுற்று. பாதிச் சண்டையை நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். உதை விழும் சத்தம் எனக்கு இப்போது தெரியும், எது தலையணையில் விழுவது, எது உடம்பில் விழுவது என்று. கூட்டத்தில் ஒருவர், "மாப்ள, மலேசியாக்காரிக்கு எடது காலு மட்டும் தனியாச் சம்பளம் வாங்கும்போலடா!" என்று கத்தினார். கடைசிச் சுற்றில் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் மூக்கில் ரத்தம். இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவர் புனிதாவின் கையைத் தூக்கினார்.

புனிதா குதிக்கவில்லை. பாய் அவள் தலையைத் துண்டால் துடைத்தபோது, "பாய், அந்த ஒரு கிலோ உதைச்சுதா, நான் உதைச்சேனா?" என்று கேட்டாள். பாய் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சம்பளம் கைக்கு வந்ததும் பங்கை எண்ணி உறையில் போட்டு, ரேணு கிளம்புவதற்குள் லாட்ஜுக்குப் போனோம். இந்த முறை பாயும் வந்தார். ரேணுவுக்கு ஒரு கண் மூடிவிட்டது. மறு கண்ணால் உறையைப் பார்த்தாள். வாங்கவில்லை. அண்ணன் கையை நீட்டினார், அந்தக் கையை அவள் தட்டிவிட்டாள். பிறகு புனிதாவைப் பார்த்து நிதானமாக ஏதோ சொன்னாள்.

ஜெபா டீச்சர் மொழிபெயர்த்தார். "ஒரு கிலோ கூட வச்சிருந்தவகிட்டத்தேன் தோத்தேன்னு ஊருல போயிச் சொல்லிக்குவேன். இந்தக் காச வாங்கிட்டா அதச் சொல்ல முடியாது. அம்பத்திரண்டுல வா. ஒன்னய அடிச்சுப்புட்டு வாங்கிக்கறேன், அப்படீங்கறா."

"வரேன்னு சொல்லுங்க," என்றாள் புனிதா.

பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ரேணு அண்ணனின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

உறை கிள்ளானில் என் தையல் பெட்டிக்குள் இருக்கிறது. வங்கியில் மாற்றி அனுப்பிவிடலாமா என்று மாதம் ஒருமுறை கேட்கிறேன், புனிதா காலணியை மாட்டிக்கொண்டு ஓடப் போய்விடுகிறாள். ரேணுவுக்கு நாங்கள் இன்னும் கொடுக்க வேண்டியது பதினைந்தாயிரம் ரூபாய்.